கிளென் ஈடனில் வளர்ந்த பிள்ளை

தம்பி,

இதை நித்யாதான் உனக்கு வாசித்துக் காட்டுவாள் என்று தெரியும். உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு எட்டு வருடம் கொண்டுபோய் விட்டும் நீ இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறாய். ஒரு வகையில் நல்லது. மனைவி வாசித்தால் பாதியில் எழுந்து போக மாட்டாய். நித்யா, பிள்ளை, எதையும் விடாமல் வாசி. மாமியாயிற்றே என்று மரியாதை பார்த்து ஓரிடத்தைத் தாண்டிப் போய்விடாதே. தாண்டத் தோன்றுகிற இடம்தான் அவன் கேட்க வேண்டிய இடம்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பிள்ளைகள் நல அலுவலகத்திலிருந்து அந்தப் பெண் இங்கே, பாட்டனி டவுன்ஸ் வீட்டுக்கு வருகிறாள். பெற்றோருடன் இருக்க முடியாத பிள்ளைகளை உங்கள் வீட்டில் வைத்து வளர்க்க நீங்கள் இருவரும் விண்ணப்பித்திருக்கிறீர்கள். வளர்க்கப்போகிறவன் எப்படி வளர்ந்தான் என்று அவனைப் பெற்றவளிடம் கேட்க வருகிறாள். நீ போனில் சொன்னாய்: "அம்மா, ஜஸ்ட் டெல் ஹர் த ட்ரூத். நார்மல் சைல்ட்ஹுட்." உண்மையைச் சொல், சாதாரணமான பிள்ளைப்பருவம் என்று சொல்: உன் இந்த இரண்டு வசனமும் ஒன்றோடொன்று ஒத்துவராது என்பது உனக்குத் தெரியாது. அது உன் பிழை இல்லை.

அவள் கேட்கப்போகிற கேள்விகளை முன்கூட்டியே அனுப்பியிருக்கிறாள். நீ நன்றாகச் சாப்பிட்டாயா, பள்ளிக்கூடத்தில் எப்படி, அப்பா அடிப்பாரா என்பதற்கெல்லாம் பதில் இருக்கிறது. ஆறாவது கேள்வியில் நின்றுவிட்டேன். உங்கள் மகன் சிறுவயதில் எப்போதாவது உங்களைப் பிரிந்து வேறொருவரின் பராமரிப்பில் இருந்தாரா? ஆம், இல்லை என்று இரண்டு பெட்டி. நான்கு நாளாக அந்தத் தாள் குளிர்சாதனப் பெட்டியின் மேல் கிடக்கிறது. பால் எடுக்கப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். ஆம் என்று போட்டால் உங்கள் விண்ணப்பம் என்னாகுமோ தெரியாது. எத்தனை வருடம் காத்திருந்து இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். இல்லை என்று போட்டால், வேறொருத்தியை இரண்டாவது முறையாக ஏமாற்றுகிறேன். எது சரி என்று யாரைக் கேட்பது? அப்பாவைக் கேட்கலாம் என்றால் அவருடைய ஆண்டுத் திவசமும் முடிந்துவிட்டது. இருந்திருந்தாலும் "உனக்கேன் பழைய கதை" என்று டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்திருப்பார்.

நீ எட்டு மாதத்திலிருந்து மூன்றே முக்கால் வயது வரை எங்களோடு இருக்கவில்லை. இதே நகரத்தின் மறுகோடியில், கிளென் ஈடனில், வசந்தா என்ற ஒருத்தியின் வீட்டில் வளர்ந்தாய். அந்த வயதுப் படங்கள் ஏன் இல்லை என்று ஒருமுறை கேட்டாய். வீடு மாறியபோது அல்பம் மழையில் நனைந்துவிட்டது என்றேன். அல்பம் நனையவில்லை. அப்படியொரு அல்பமே எங்களிடம் இருக்கவில்லை.

ஏன் என்று கேட்பாய். சொன்னால் சிரிப்பாயா கோபிப்பாயா என்று தெரியவில்லை. உனக்கு ஏழு மாதமாக இருந்தபோது, நாங்கள் அப்போது குடியிருந்த பென்ரோஸில், அப்பா வேலை செய்த கிடங்கில் ஒரு பெட்டி அடுக்குச் சரிந்து அவருடைய கால் இரண்டு இடத்தில் முறிந்தது. அதே கிழமை டொரொண்டோவிலிருந்து உன் பெரியப்பா போன் எடுத்தார். ஊரில் யாரோ பெரிய சாத்திரியாரிடம் உன் சாதகத்தைக் காட்டினாராம். பிள்ளைக்கு ஐந்து வயதாகும் வரை தகப்பனும் பிள்ளையும் ஒரே கூரையின் கீழ் இருக்கக் கூடாது, இருந்தால் தகப்பனின் உயிருக்கு ஆகாது என்று சொல்லிவிட்டாராம். "கால் போனது எச்சரிக்கை. அடுத்தது என்னெண்டு யோசி" என்றார் பெரியப்பா. யோசிப்பதற்கு அப்பாவுக்கு அவகாசம் நிறைய இருந்தது. கட்டுப் போட்ட காலோடு மூன்று மாதம் படுத்திருந்தார். நீ தவழ்ந்து அவருடைய கட்டிலருகே போனால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். உன்மேல் ஆசையில்லாமல் இல்லை. ஆசைதான் அவருக்குப் பயமாக இருந்தது.

நான் வேண்டாம் என்று ஒருமுறை சொன்னேன். "நான் செத்தா உனக்குச் சந்தோசமோ?" என்று கேட்டார். இரண்டாம் முறை நான் சொல்லவில்லை. அதை இன்றைக்கு நினைத்தாலும் என்மேல் எனக்கு எரிச்சல் வருகிறது. ஆனால் தம்பி, அவருடைய கால் உண்மையாகவே முறிந்திருந்தது. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. நம்பினேனா என்று கேட்டால் இல்லை என்பேன். நம்பவே இல்லையா என்று கேட்டால் அதற்கும் இல்லை என்பேன்.

வசந்தாக்காவை எனக்குக் கோயிலில் பழக்கம். மதுரைப்பக்கம். கணவர் ராகவன் அண்ணா கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர். கலியாணமாகிப் பத்து வருடமாகியும் பிள்ளையில்லை. அன்னதானத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்து உன்னை மடியில் வாங்கிச் சோறூட்டுவாள். நான் விஷயத்தைச் சொல்லி அழுதபோது, ஒரு நிமிடம்கூட யோசிக்காமல், "எங்க வீட்ல விட்டுடு. அஞ்சு வயசு வரைக்கும்தானே? நான் பாத்துக்கறேன்" என்றாள். அவ்வளவுதான் ஒப்பந்தம். ஒரு துண்டுக் கடதாசி இல்லை. கடதாசி கேட்பது அவளை நம்பவில்லை என்று சொல்வதாகிவிடும் என்று நான் நினைத்தேன். அவளும் அப்படியேதான் நினைத்திருப்பாள். இந்த நாட்டில் ஒரு பிள்ளையை இன்னொரு வீட்டில் இத்தனை காலத்துக்கு வைத்தால் யாருக்காவது சொல்ல வேண்டுமா என்ற கேள்வியே எங்கள் நான்கு பேருக்கும் வரவில்லை. பிள்ளை எங்களுடையது, வீடு அவர்களுடையது, நடுவில் அரசாங்கத்துக்கு என்ன வேலை?

சனிக்கிழமைகளில் இரண்டு பஸ் மாறி உன்னைப் பார்க்க வருவேன். முதல் ஆறு மாதம் நீ என்னைக் கண்டதும் தாவினாய். பிறகு தாவவில்லை. பேச்சு வந்தபோது உனக்கு எங்கள் பேச்சு இல்லை, வசந்தாக்காவின் மதுரைப் பேச்சுத்தான் வந்தது. நான் "சாப்பிட்டியோ ராசா?" என்றால் "ஆமா, சாப்ட்டேன்" என்பாய். அவள் அம்மா. நான் பென்ரோஸ் அம்மா. யாரும் சொல்லித் தரவில்லை, நீயாகவே வைத்த பெயர். அந்த வீட்டில் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், பஸ் ஏறும் வரை.

வசந்தாக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இது உங்களுக்கும் உதவும். நான் போன சனிக்கிழமைகளில் நீ அவளுடைய சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றால், "இரு, காபி போட்டுட்டு வரேன்" என்று உள்ளே போய்விடுவாள். ஒரு காபி போட முக்கால் மணி நேரம். அவள் கண்ணில் படாவிட்டால் நீ மெல்ல மெல்ல என் பக்கம் வருவாய் என்று அவளுக்குத் தெரியும். வந்து மடியில் ஏறிய பிறகுதான் காபி வரும், ஆறிப்போய். உங்கள் வீட்டுக்கு ஒரு பிள்ளை வந்து, அதைப் பெற்றவள் பார்க்க வந்தால், நீங்களும் இப்படி உள்ளே போய்விடுங்கள். இதை எந்தப் பயிற்சி வகுப்பிலாவது சொல்லித் தருவார்களா என்று எனக்குத் தெரியாது.

இவ்வளவு நல்லவளுக்கு நான் செய்ததை இனித்தான் சொல்லப்போகிறேன்.

உனக்கு மூன்றரை வயது தாண்டியிருந்தது. ஒரு சனிக்கிழமை வந்து பார்த்தால் உன் நாடியில், உதட்டுக்குக் கீழே, தையல். ஐந்து தையல். செவ்வாய்க்கிழமை பூங்காவில் ஊஞ்சலிலிருந்து விழுந்தாயாம். நாடியைத் தடவிப் பார், தழும்பு இருக்கும். குளியலறையில் வழுக்கி விழுந்தாய் என்று நான் சொன்னது பொய். "ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன். "நீ பதறுவியேன்னுதான்மா. டாக்டர் உடனே தைக்கணும்னார், கையெழுத்துக் கேட்டார், போட்டேன்" என்றாள். யார் என்று போட்டீர்கள் என்று கேட்டேன். அவள் கொஞ்சம் தயங்கி, "அம்மான்னு" என்றாள். வேறென்ன போட்டிருப்பாள்? மூன்று வருடமாக உன்னைத் தூக்கித் திரிந்தவள் அவள். இரத்தம் ஒழுகும் பிள்ளையோடு நிற்கிறவளிடம் நீ யார் என்று கேட்டால் என்ன சொல்லுவாள்? அதெல்லாம் இன்றைக்குப் புரிகிறது. அன்றைக்கு என் காதில் விழுந்தது அந்த ஒரு சொல்தான். நான் உன்னைத் தூக்கப் போனேன். நீ என் கையைத் தட்டிவிட்டு அவளிடம் ஓடினாய்.

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு இடைவேளையில் நான் உடுப்புத் தைத்த தொழிற்சாலையிலிருந்து இறங்கி, மூலையில் இருந்த டெய்ரி என்கிற சில்லறைக் கடைக்குப் பக்கத்துத் தொலைபேசிக் கூண்டுக்குள் போனேன். என் கூட வேலை செய்த சமோவாப் பெண் ஒருத்தி எப்போதோ சொல்லியிருந்தாள், பிள்ளைகளைப் பற்றிய முறைப்பாடுகளுக்கு ஒரு அலுவலகம் இருக்கிறது என்று. அந்த இலக்கத்தை அழைத்தேன். கிளென் ஈடனில் ஒரு வீட்டில் ஒரு பிள்ளை இருக்கிறது, அந்த வீட்டுக்காரர் அதன் தாய் தகப்பன் இல்லை என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். விலாசம் சொன்னேன். உன் பெயரைச் சொன்னேன். நீங்கள் யார் என்றார்கள். தெரிந்தவள் என்றேன். பிறகு அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்: அந்தப் பிள்ளைக்கு அங்கே ஆபத்து என்று நினைக்கிறீர்களா?

நான் யெஸ் என்றேன்.

தம்பி, மற்றதை எல்லாம் நான் யாரிடமாவது நியாயப்படுத்திவிடுவேன். என் பிள்ளையை எனக்குத் திருப்பிக் கேட்க வாயில்லாமல் இருந்தது. புருசனிடம் கேட்க முடியாது, வசந்தாக்காவிடம் கேட்டால் சாதகத்தை எடுத்துக்கொண்டு புருசன் நிற்பார், அதனால் அரசாங்கத்தைக் கொண்டு கேட்டேன் என்று சொல்லலாம். சொல்லியும் இருக்கிறேன், எனக்கே, பல வருடமாக. அந்த யெஸ்ஸை மட்டும் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. உனக்கு அங்கே என்ன ஆபத்து இருந்தது? நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குக் குளிப்பு, தூங்கும் வரை முதுகு தடவ ஒருத்தி.

இரண்டு நாளில் இரண்டு பேர் அந்த வீட்டுக்குப் போனார்கள். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தார்களாம். உன் கட்டிலைப் பார்த்தார்களாம். உன் சட்டையைக் கழற்றி முதுகிலும் தொடையிலும் அடையாளம் இருக்கிறதா என்று பார்த்தபோது நீ அவளைப் பார்த்துக் கத்தினாயாம், வந்தவர்கள் அவளை அருகில் வர விடவில்லையாம். அவர்கள் தங்கள் வேலையைத்தான் செய்தார்கள். ஆபத்து என்று ஒருத்தி சொல்லியிருக்கிறாளே. பிறகு எங்களிடம் வந்தார்கள். அப்பா பயந்துவிட்டார். ஆனால் வந்த பெண் கோபிக்கவில்லை. நண்பர் வீட்டில் பிள்ளையை விடுவதே குற்றம் என்று இல்லை, ஆனால் இவ்வளவு நீண்ட காலத்துக்கு விடுவதென்றால் எங்கள் அலுவலகத்துக்கோ ஒரு வழக்கறிஞருக்கோ சொல்லி, யார் கையெழுத்துப் போடலாம் என்று எழுதி வைத்திருக்கலாமே, கேட்டிருந்தால் உதவியிருப்போமே என்றாள். ஏன் விட்டீர்கள் என்று கேட்டாள். சாதகத்தை எப்படி ஆங்கிலத்தில் சொல்வது? அப்பா காலைக் காட்டினார். அவள் புரிந்ததுபோல் எழுதிக்கொண்டாள். அவளுக்கு என்ன புரிந்தது, எங்களுக்குச் சட்டம் என்ன புரிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சொல்லியிருந்தால் போதும் என்பது மட்டும் புரிந்தது. அதுவும் பிந்தித்தான்.

அப்பாவுக்குச் சாதகத்தைவிட ஆபீஸ்காரர் பெரிய பயமாகிவிட்டார்கள். அன்றைக்கே போய் உன்னைக் கூட்டிவந்தார். ஆனால் சாதகத்தையும் விட மனமில்லை. சாத்திரியார் ஒரே கூரை என்றுதான் சொன்னார், கராஜுக்குத் தனிக் கூரை என்று கண்டுபிடித்து, உனக்கு ஐந்து வயதாகும் வரை கராஜில் படுத்தார். புல்வெட்டும் மெஷினுக்கும் பெயின்ட் வாளிக்கும் நடுவில் ஒரு மடக்குக் கட்டில். ஷிப்ட் வேலை, உன் தூக்கம் கலையக் கூடாதென்று அங்கே படுத்தார் என்று உன் கலியாண மேடையில் பேசும்போது சொல்லி எல்லோரையும் உருக வைத்தாயே, அப்போது அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது. கராஜில் படுக்க முடியும் என்றால் மூன்று வருடத்துக்கு முன்பே படுத்திருக்கலாமே என்று நான் அவரிடம் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னையும் ஒன்று கேட்டிருப்பாரோ என்ற பயம்.

யார் முறைப்பாடு செய்தது என்ற கேள்விக்கு அப்பாவே ஒரு பதில் வைத்திருந்தார். "அதுகள் எங்கட பிள்ளையைத் தங்கட பிள்ளையெண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சிருக்குதுகள். அக்கம்பக்கம் சும்மா இருக்குமோ?" என்றார். அந்தப் பதிலை நான் அப்படியே இருக்க விட்டேன். அவர்களோடு பேச்சை நிறுத்தினோம். கோயிலில் கண்டால் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார், நான் தேங்காய்த் தட்டைப் பார்ப்பேன். நீ மூன்று கிழமை, நாள் தவறாமல், அம்மா எங்கே என்று என்னிடமே கேட்டாய். இந்தியாவுக்குப் போய்விட்டாள் என்றேன். பிறகு நீ கேட்பதை நிறுத்தினாய். அதை நான் வெற்றி என்று நினைத்தேன்.

பின்னால்தான் ஒருவர் சொல்லித் தெரிந்தது: அந்த வருடம் அவர்கள் ஒரு குழந்தையைத் தத்தெடுக்க விண்ணப்பிக்க இருந்தார்களாம். அதற்கும் வீட்டைப் பார்க்க ஆள் வருவார்கள் என்றதும் ராகவன் அண்ணா, இனி எந்த ஆபீசும் நம்ம வாசப்படி ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். அவர்களுக்குப் பிறகு பிள்ளையே இல்லை.

நீயும் நித்யாவும் உங்கள் வீட்டைப் பார்க்க ஆள் வந்தது, கட்டிலை அளந்தது, மருந்து அலுமாரிக்குப் பூட்டுப் போடச் சொன்னது என்று சிரித்துச் சிரித்துச் சொன்னபோது நான் ஏன் பாத்திரம் கழுவவென்று எழுந்து குசினிக்குள் போனேன் என்று இப்போது விளங்கும்.

உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி என்று தெரியவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். எந்தப் பிள்ளை வந்தாலும், அரசாங்கம் தந்தாலும் சினேகிதர் தந்தாலும், கேட்க வேண்டியதைக் கேட்டு, சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லி வையுங்கள். நாங்கள் அதை அவமானம் என்று நினைத்தோம். ஒரு தாளில் எழுதியிருந்தால் வசந்தாக்கா அந்த டாக்டரிடம் பொய் சொல்ல வேண்டி வந்திருக்காது, நான் அந்தக் கூண்டுக்குள் போயிருக்க மாட்டேன். அல்லது போயிருப்பேனோ என்னவோ. அதுவும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

நேற்று காலை அவளுக்குப் போன் எடுத்தேன். அதே கிளென் ஈடன் வீடு. கோயில்காரரிடம் இலக்கம் வாங்கினேன். நான் யார் என்று சொன்னதும், "ஆமா, குரல் தெரியுது" என்றாள். சுற்றி வளைக்கவில்லை. அண்டைக்கு அந்த ஆபீசுக்குப் போன் பண்ணினது நான்தான் அக்கா, வேற ஒருத்தரும் இல்லை என்றேன்.

"தெரியும்மா" என்றாள். "வந்த பொண்ணு அவனோட முழுப் பேரைச் சொல்லிக் கேட்டா. இந்தத் தெருவுல எல்லாருக்கும் அவன் கண்ணன். அந்தப் பேர் இங்க யாருக்குத் தெரியும்?"

"அப்ப ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"சொன்னா உன் வீட்டுக்காரர் உன்னைச் சும்மா விட்டிருப்பாரா? அப்புறம் கண்ணனை யார் பாக்கறது?" பிறகு அவளே தொடர்ந்தாள். "இன்னொண்ணும் சொல்றேன். நீ அன்னைக்குப் போன் பண்ணலேன்னா, அஞ்சு வயசானதும் நான் அவனைத் திருப்பிக் குடுத்திருக்க மாட்டேன். கோர்ட்டுக்குப் போயிருப்பேன். வக்கீலைக்கூட விசாரிச்சு வெச்சிருந்தேன்."

இதை அவள் என்னை மன்னித்துச் சொன்னாளா, தன்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்டாளா? நேற்றிலிருந்து யோசிக்கிறேன். ஆறுதலாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. அவளுக்கு நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் "சரி" என்றாள். எந்தச் சரி என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய் ஆறாவது கேள்விக்கு ஆம் என்று போட்டுவிட்டேன். பேனாவால். கீழே அவளுடைய பெயரையும் எழுதினேன். இதனால் உங்கள் விண்ணப்பம் தள்ளுபடியானால் நீங்கள் என்னோடு எவ்வளவு காலம் பேசாமல் இருந்தாலும் நான் கேட்க மாட்டேன். வியாழக்கிழமை வந்து அந்தப் பெண்ணிடம் இதைச் சொல்ல முடியுமா என்று வசந்தாக்காவைக் கேட்டேன். "மறுபடியும் ஆபீஸ்காரங்க முன்னாடியா?" என்றாள். பிறகு அவளே, "அவனும் வருவானா?" என்றாள்.

எல்லாவற்றையும் எழுதி அவனுக்கு ஒரு கடிதம் போடப்போகிறேன், கிடைத்தால் வருவான் என்றேன்.

"வந்தா என்னை என்னன்னு கூப்பிடுவான்?"

அவனைக் கேட்டுச் சொல்லுறன் அக்கா என்று சொல்லிப் போனை வைத்தேன். காத்திருக்கிறாள். தம்பி, அவளுக்கு நான் என்ன சொல்ல?

அம்மா